பெயர் ஒன்று, தரவுத்தளம் நான்கு: பொது ரிமோட் சர்வரில் அவரவர் இணைப்பை அவரவரிடம் சேர்ப்பது எப்படி?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கூழ் ஆலை ஒன்றின் கணினிப் பணிகளை நான் கவனித்து வருகிறேன். வைகாசியில் பெங்களூரா காய் லோடு லோடாக இறங்கத் தொடங்கியதும், அந்த நிறுவனத்தில் கணினிமுன் அமர்வோரின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகிவிடும். கிருஷ்ணகிரியில் தலைமை அலுவலகம், காவேரிப்பட்டணம் அருகே ஆலை, பர்கூரிலும் காரிமங்கலத்திலும் கொள்முதல் நிலையங்கள் என நான்கு இடங்களில் இருப்பவர்களும், தலைமை அலுவலகத்தின் ஓர் அறையில் உள்ள இரண்டு ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களுக்குள் (தொலைவிலிருந்தே பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் பொதுக் கணினிகள்) நுழைந்துதான் வேலை செய்கிறார்கள். எடைச்சீட்டு போடுவதும் விவசாயிக்குப் பணம் பட்டுவாடா செய்வதும் விபி6 (விஷுவல் பேசிக் 6) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய 32-பிட் மென்பொருளில். அது எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை ஓடிபிசி டிஎஸ்என் ஒன்றின் வழியாகத் தேடிச் செல்கிறது. ஓடிபிசி என்பது நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசும் பொது முறை; டிஎஸ்என் என்பது எந்த சர்வர், எந்தத் தரவுத்தளம், எந்த டிரைவர் (இணைப்பை நடத்தும் இடைநிரல்) என்ற விவரங்களுக்கு இட்ட பெயர். அந்த டிஎஸ்என்னின் பெயரை, மென்பொருளை எழுதியவர் நிரலுக்குள்ளேயே பதித்துவிட்டார்; மாற்ற வழியில்லை. ஆனால் நான்கு இடங்களுக்கும் தரவுத்தளங்கள் தனித்தனி. பர்கூரில் இருப்பவர் அதே பெயரைக் கூப்பிட்டால் பர்கூர் தரவுத்தளம் திறக்க வேண்டும், காரிமங்கலத்தில் இருப்பவர் கூப்பிட்டால் காரிமங்கலத்துடையது திறக்க வேண்டும்.

தனிக் கணினியில் இது ஒரு சிக்கலே அன்று. ஆள் ஒருவர், பெட்டி ஒன்று. பெட்டியில் ஒருமுறை டிஎஸ்என் அமைத்துவிட்டால் முடிந்தது. பொது சர்வரில் ஒரே பெட்டிக்குள் இருபது பேர் இருக்கிறார்கள், அந்த இருபது பேரும் இன்று ஒரு பெட்டியிலும் நாளை மற்றொன்றிலுமாகப் போய் அமர்கிறார்கள். இந்த நிலையில் அவரவர்க்கு உரிய அமைப்பைக் கொண்டுசேர்க்க விண்டோஸ் தரும் வழிகள் ஏழெட்டு உண்டு. அவற்றில் எதை எடுப்பது என்பதை, இந்த ஆலையின் தேவையை முன்வைத்து, கீழே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், டிஎஸ்என் எங்கே குடியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யூசர் டிஎஸ்என் என்பது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனருக்கே உரிய கரண்ட் யூசர் பகுதியில், சாப்ட்வேர், ஓடிபிசி, ஓடிபிசி.ஐஎன்ஐ என்ற வரிசையில் அமர்ந்திருக்கும் சில மதிப்புகளே. சிஸ்டம் டிஎஸ்என் என்பது அதே வரிசை லோக்கல் மெஷின் பகுதியில் இருப்பது; அது பெட்டியில் நுழையும் அனைவருக்கும் பொது. ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் யூசர் டிஎஸ்என்தான் முந்தும். யூசர் டிஎஸ்என் இல்லையென்றால், எந்த அறிவிப்பும் இல்லாமல் சிஸ்டம் டிஎஸ்என் எடுத்துக்கொள்ளப்படும். இந்த இரண்டாவது விதியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த வினை அங்கிருந்துதான் வந்தது.

அந்தச் சிஸ்டம் டிஎஸ்என்னை உருவாக்கியவன் நானேதான். யாருக்காவது யூசர் டிஎஸ்என் விட்டுப்போனால் மென்பொருள் திறக்காமல் நின்றுவிடக் கூடாதே என்ற எண்ணத்தில், அதே பெயரில், தலைமை அலுவலகத் தரவுத்தளத்தைக் காட்டும் சிஸ்டம் டிஎஸ்என் ஒன்றை இரண்டு சர்வர்களிலும் போட்டு வைத்திருந்தேன். சீசனுக்கு என்று பர்கூரில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு முதல் சர்வரில் யூசர் டிஎஸ்என்னைக் கையால் அமைத்துக் கொடுத்திருந்தேன், இரண்டாவதில் மறந்துவிட்டேன். ஒருநாள் காலை அவர் இரண்டாவது சர்வருக்கு அனுப்பப்பட்டார். மென்பொருள் அழகாகத் திறந்தது. அவரும் ஒரு முற்பகல் முழுவதும் ஏறத்தாழ 30 எடைச்சீட்டுகளைப் போட்டார், அத்தனையும் தலைமை அலுவலகத் தரவுத்தளத்தில். மாலையில் விவசாயி ஒருவர் சீட்டோடு பணத்துக்கு வந்து நின்றபோது, பர்கூர் கணக்கில் அந்த எண்ணே இல்லை. தொலைபேசியில் அந்தப் பையன், “அண்ணா, நான் போட்டேண்ணா, கையில சீட்டு இருக்குதே” என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அன்று இரவு சீட்டுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினேன்.

ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் முதலாவதாக வைக்கும் அளவுகோல் வசதி அன்று. அமைப்பு தவறிப்போனால் மென்பொருள் திறக்காமல் நின்று உடனே சத்தம் போடுகிறதா, அல்லது வேறொருவருடைய தரவுத்தளத்தைச் சத்தமின்றித் திறந்து கொடுக்கிறதா என்பதே. இரண்டு சர்வரிலும் ஒன்றுபோல் இருக்கிறதா, புதிதாக வருபவருக்குத் தானாகச் சேர்கிறதா, ஒருவரை பர்கூரிலிருந்து காரிமங்கலத்துக்கு மாற்றினால் பழையது போய்விடுகிறதா என்பவை அதற்கு அடுத்தபடி.

இந்த அளவுகோலில் சிஸ்டம் டிஎஸ்என் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறது. மென்பொருள் டிஎஸ்என்னின் பெயரை ஓர் அமைப்புக் கோப்பிலிருந்து படிப்பதாக இருந்திருந்தால், நான்கு பெயர்களில் நான்கு சிஸ்டம் டிஎஸ்என் போட்டுவிட்டு, எந்தப் பெயர் என்பதை மட்டும் பயனருக்குப் பயனர் மாற்றியிருக்கலாம். உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருந்தால் மேற்கொண்டு படிக்கத் தேவையே இல்லை, அதையே செய்யுங்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கையால் அமைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 பயனர், இரண்டு சர்வர் என்றால் 80 முறை. ஒருமுறை விட்டாலும், “நேத்து இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்” என்று அழைப்பு வரும். நேற்று நுழைந்த பெட்டி வேறு, இன்று நுழைந்த பெட்டி வேறு என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ரோமிங் ப்ரொஃபைல், விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த யூசர் ப்ரொஃபைல் டிஸ்க், 2018-இல் மைக்ரோசாப்ட் வாங்கிய எஃப்எஸ்லாஜிக்ஸ் ஆகியவை பயனரின் கரண்ட் யூசர் பகுதியையே அவர் போகும் பெட்டிக்கெல்லாம் தூக்கிச் செல்பவை. இரண்டாவது சர்வரில் காணவில்லை என்ற குறை இவற்றால் தீரும். ஆனால் முதல்முறை அதை எழுதுவது யார் என்ற கேள்விக்கு இவற்றிடம் விடையில்லை. போதாக்குறைக்கு, போன சீசனில் காரிமங்கலத்தில் இருந்தவர் இந்த சீசனில் பர்கூருக்கு வந்தால் பழைய டிஎஸ்என்னும் பத்திரமாகக் கூடவே வந்து சேரும். இவை வேறு பல காரணங்களுக்காக வைத்துக்கொள்ள வேண்டியவை. டிஎஸ்என் பங்கீட்டுக்கான வழி என்று இவற்றை எண்ணக் கூடாது.

சர்வரை இன்ஸ்டால் மோடில் வைத்து அமைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. கட்டளை வரியில் சேஞ்ச் யூசர் கட்டளைக்கு இன்ஸ்டால் என்ற தெரிவைக் கொடுத்துவிட்டு நிர்வாகி ஒரு நிரலை நிறுவினால், அது கரண்ட் யூசர் பகுதியில் எழுதுவதையெல்லாம் விண்டோஸ் லோக்கல் மெஷினுக்குள் டெர்மினல் சர்வர் என்ற கிளையின்கீழ் ஒரு நிழல் நகலாக எடுத்து வைக்கும். பின்னர் நுழைகிற பயனர்களுக்கு அந்த நகலிலிருந்து மதிப்புகள் போய்ச் சேரும். அனைவருக்கும் ஒரே தரவுத்தளம் என்றால் இது போதும். நான்கு பேருக்கு நான்கு வேண்டும் என்றால் உதவாது. புதிய பயனர்களுக்கு அச்சாக அமையும் டீஃபால்ட் ப்ரொஃபைலில் எழுதி வைப்பதும் இதே குறை உடையது. அதோடு, ஏற்கெனவே ப்ரொஃபைல் உள்ளவர்களை அது தொடவே தொடாது. இவற்றை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் வேறு. முன்பு இருந்த நிர்வாகி எவரேனும் இன்ஸ்டால் மோடில் டிஎஸ்என் அமைத்திருந்தால், அந்த நிழல் நகல் இன்னும் அங்கேயே இருக்கக்கூடும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் அங்கே போய்ப் பார்த்துத் துடைத்துவிடுவது நல்லது.

லாகின் ஸ்கிரிப்டா, குரூப் பாலிசியா?

உண்மையான போட்டி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பயனர் நுழையும்போது தானாக ஓடும் கட்டளைக் கோப்பான லாகின் ஸ்கிரிப்ட்டில் என் கை பழகியது அதிகம். விண்டோஸ் சர்வர் 2012 முதல், விண்டோஸின் கட்டளைமொழியான பவர்ஷெல்லில் ஆட்-ஓடிபிசிடிஎஸ்என் என்ற கட்டளை இருக்கிறது. யூசர் வகை, 32-பிட் தளம், டிரைவரின் பெயர், சர்வர், தரவுத்தளம் ஆகியவற்றைக் கொடுத்தால் அது டிஎஸ்என்னை எழுதிவிடும். பயனர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற தரவுத்தளத்தைத் தேர்ந்து, பழையதை நீக்கிப் புதியதை எழுதி, நடந்ததை ஒரு கோப்பில் பதிந்துவைக்கவும் செய்யலாம். ஸ்கிரிப்ட் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு என்பதால், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதைப் பின்தொடரவும் எளிது. இத்தனை நல்லவை இருந்தும் இதை நான் கைவிட்டதற்குக் காரணம் நேரம். குரூப் பாலிசி (நிர்வாகி ஓரிடத்திலிருந்தே பல கணினிகளுக்கும் பயனர்களுக்கும் அமைப்புகளை அனுப்பும் விண்டோஸ் வசதி) வழியாகக் கொடுக்கப்படும் லாகின் ஸ்கிரிப்ட், விண்டோஸ் 8.1, சர்வர் 2012 ஆர்2 முதல், பயனர் நுழைந்து ஐந்து நிமிடம் கழித்தே இயங்கும் என்பது இயல்பமைப்பு. லாகின் ஸ்கிரிப்ட் டிலே என்ற பாலிசியில் சுழியம் என்று கொடுத்து இதை மாற்றலாம், உண்மைதான். ஆனால் அப்படி மாற்றியும், ஸ்கிரிப்ட்டும் பயனரின் திரையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. அதற்கு இன்னொரு பாலிசி வேண்டும். எடைமேடையில் லாரி நிற்கும்போது திரை வந்த அடுத்த நொடி ஐகானைத் தட்டுபவர்கள் எங்கள் பயனர்கள். டிஎஸ்என் எழுதப்படுமுன் மென்பொருள் திறந்தால் என்ன நடக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

குரூப் பாலிசியின் ப்ரிஃபரன்சஸ் பகுதி, விண்டோஸ் சர்வர் 2008-உடன் வந்தது. ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களில் பயனருக்கான பாலிசிகள், நாம் வேறு மாதிரி அமைத்தாலொழிய, திரை வருமுன்னரே முடிக்கப்படுகின்றன. ஸ்கிரிப்ட்டை இது முந்துவது இந்த ஒரு காரணத்தால்தான். இதற்குள் டேட்டா சோர்சஸ் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. டிஎஸ்என் பெயர், டிரைவர், பண்புகள் என்று கட்டம் கட்டமாக நிரப்பலாம். இதற்காகவே செய்துவைத்த பிரிவு இருக்கும்போது வேறெங்கே போவது என்று நானும் முதலில் அதைத்தான் எடுத்தேன். எங்கள் சர்வர்கள் 64-பிட், மென்பொருளும் டிரைவரும் 32-பிட். டிஎஸ்என் சிலருக்கு எழுதப்படவில்லை, சிலருக்கு எழுதப்பட்டும் மென்பொருள் ஏற்கவில்லை. இரண்டு நாள் முட்டிமோதிவிட்டு, அதே ப்ரிஃபரன்சஸ் பகுதியில் உள்ள ரெஜிஸ்ட்ரி என்ற பிரிவுக்கு மாறினேன். முன்பே சொன்னதுபோல் டிஎஸ்என் என்பது சில ரெஜிஸ்ட்ரி மதிப்புகள்தானே. இடைத்தரகர் இல்லாமல் அவற்றையே நேரடியாக எழுதிவிட்டால் எது எங்கே போகிறது என்பது நம் கண்முன் இருக்கும்.

எழுத வேண்டியது மிகக் குறைவு. ஓடிபிசி.ஐஎன்ஐயின்கீழ் ஓடிபிசி டேட்டா சோர்சஸ் என்ற கிளையில், டிஎஸ்என் பெயரே மதிப்பின் பெயராகவும் டிரைவரின் பெயர் அதன் உள்ளடக்கமாகவும் ஒரு வரி. பிறகு டிஎஸ்என் பெயரிலேயே ஒரு கிளை. அதற்குள் டிரைவர், சர்வர், டேட்டாபேஸ், டிரஸ்டட் கனெக்‌ஷன் ஆகிய நான்கு மதிப்புகள். ஆக ஐந்து வரிகள். இவற்றைப் பர்கூர் என்ற ஒரு தொகுப்புக்குள் போட்டு, அந்தத் தொகுப்பின்மேல் ஐட்டம் லெவல் டார்கெட்டிங் வழியாக, பர்கூர்க் குழுவில் இருப்பவருக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்தேன். மற்ற மூன்று இடங்களுக்கும் அதே தொகுப்பை நகலெடுத்து, டேட்டாபேஸ் மதிப்பையும் குழுவின் பெயரையும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. இனிப் பொருந்தாவிட்டால் இதை நீக்கிவிடு என்ற பொருள்படும் தெரிவையும் ஒவ்வொரு வரியிலும் தேர்ந்துவிட்டால், இடம் மாறிய ஆளின் பழைய அமைப்பு தானே அகன்றுவிடும்.

டிரைவர் மதிப்பில் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். அதில் எழுதப்படுவது டிரைவர் நிரல் இருக்கும் டிஎல்எல் கோப்பின் முழுப் பாதை. லோக்கல் மெஷினில் உள்ள ஓடிபிசி கிளை 32-பிட்டுக்கு ஒன்று, 64-பிட்டுக்கு ஒன்று என்று பிரிந்திருக்கிறது. கரண்ட் யூசரில் உள்ளது இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே யூசர் டிஎஸ்என் எந்த வகை நிரலுக்குப் பயன்படும் என்பதை அந்தப் பாதைதான் தீர்மானிக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர்கள் சிஸ்டம்32 கோப்புறையில் அமர்பவை; 32-பிட் நிரல் சிஸ்டம்32 என்று கேட்டால் விண்டோஸ் அதைத் தானாகவே சிஸ்வாவ்64 கோப்புறைக்குத் திருப்பிவிடுவதால், அந்தப் பாதையை அப்படியே எழுதினாலும் காரியம் நடந்துவிடுகிறது. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் அமரும் டிரைவர்களுக்கு இந்தத் திருப்பிவிடும் சலுகை கிடையாது. அங்கே 32-பிட் கோப்பின் பாதையைத்தான் எழுத வேண்டும். தவறினால், டிரைவருக்கும் நிரலுக்கும் கட்டமைப்பு பொருந்தவில்லை என்று ஐஎம்014 பிழை வரும். சரிபார்க்கும்போதும் சிஸ்வாவ்64-க்குள் இருக்கும் ஓடிபிசிஏடி32 நிரலைத் திறந்து பாருங்கள். சிஸ்டம்32-க்குள் அதே பெயரில் இருப்பது 64-பிட் நிரல். பெயரில் 32, உள்ளே 64. யார் வைத்த பெயரோ, எத்தனை பேருடைய மாலைப்பொழுதை அது விழுங்கியிருக்கிறதோ!

இன்னொன்று, இந்தப் பாலிசி ரிமோட் சர்வரில் நுழையும்போது மட்டும் செயல்பட வேண்டும். அதே பயனர் தன் மேசைக் கணினியில் நுழையும்போது வேண்டியதில்லை. அதற்கு, பாலிசியை இரண்டு சர்வர்களும் உள்ள ஓயூவில் (நிறுவனத்தின் கணினிகளைப் பிரித்து வைக்கும் நிர்வாகப் பிரிவு) இணைத்து, நுழையும் கணினியைப் பொறுத்துப் பயனர் பாலிசியைச் சேர்க்கும் லூப்பேக் செயலாக்கத்தை, அவரது வழக்கமான பாலிசிகளையும் விட்டுவைக்கும் மெர்ஜ் முறையில் இயக்க வேண்டும். இதை விட்டுவிட்டு, பாலிசி ஏன் சேரவில்லை என்று தேடுபவர்களே அதிகம்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. ஒருவரைக் குழுவில் சேர்த்தால், அவர் லாக் ஆஃப் செய்து மீண்டும் நுழைந்தால்தான் அது செல்லுபடியாகும். எங்கள் பயனர்களோ மாலையில் சன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். சர்வரில் அந்த அமர்வு துண்டிக்கப்பட்ட நிலையில் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். துண்டிக்கப்பட்ட அமர்வைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும்படி வரம்பு வைத்தபிறகே இது ஒழுங்குக்கு வந்தது. ஸ்கிரிப்ட்டில் கிடைக்கும் பதிவேடும் இதில் இல்லை. ஜிபிரிசல்ட் கட்டளையின் அறிக்கையை எடுத்து, எந்தத் தொகுப்பு யாருக்குச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டிஎஸ்என்னையே தவிர்க்கும் வழிகள்

டிரைவர், சர்வர், தரவுத்தளம் என எல்லாவற்றையும் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் என்ற, நிரலே தரும் இணைப்பு வரியிலேயே எழுதிவிட்டால் டிஎஸ்என் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. புதிதாக எழுதப்படும் நிரலுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். மூலநிரல் கைவசம் இல்லாத விபி6 மென்பொருளுக்கு அந்தப் பேச்சே எழவில்லை. ஃபைல் டிஎஸ்என் என்பது இதே விவரங்களை ஓர் எழுத்துக் கோப்பில் வைப்பது. பகிர்ந்த கோப்புறையில் வைத்து, கோப்புறை அனுமதிகளால் யாருக்கு எது என்று பிரிக்கலாம். நிரல் ஃபைல் டிஎஸ்என்னைக் கேட்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதால் அதுவும் எங்களுக்கு எட்டவில்லை. மைக்ரோசாப்ட் அக்சஸில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஃபைல் டிஎஸ்என் கொண்டு அட்டவணைகளை இணைத்தால், இணைப்பு விவரங்கள் அட்டவணைக்குள்ளேயே பதிந்துவிடும், பிறகு டிஎஸ்என் தேவைப்படாது.

என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்த மாற்று வேறொன்று. டிஎஸ்என்னில் தரவுத்தளத்தின் பெயரையே எழுதாமல் விட்டுவிட்டால், எஸ்க்யூஎல் சர்வர் அந்த லாகினுக்கு (தரவுத்தள சர்வரில் நுழையும் கணக்கு) இயல்பாக நியமித்த தரவுத்தளத்தைத் திறந்து கொடுக்கும். அப்படியானால் அனைவருக்கும் ஒரே சிஸ்டம் டிஎஸ்என் போதும். வேறுபாடு முழுவதும் தரவுத்தள சர்வருக்குப் போய்விடும். ரிமோட் சர்வர் இரண்டானால் என்ன, பத்தானால் என்ன, அங்கே தொட வேண்டியதே இல்லை. தவறினாலும் இது சத்தம் போட்டே தவறும்: நியமித்த தரவுத்தளத்தில் அனுமதி இல்லையென்றால் 4064 என்ற பிழை வந்து லாகினே நின்றுவிடும். இவ்வளவு நேர்த்தியான வழியை நான் இரண்டாமிடத்தில் வைத்ததற்குக் காரணங்கள் இரண்டு. லாகினை விண்டோஸ் குழுவின் பெயரில் வைத்திருந்தால், இரண்டு குழுக்களில் இருப்பவருக்கு எந்தத் தரவுத்தளம் வரும் என்பதை நம்பியிருக்க முடியாது; ஆளுக்கொரு லாகின் என்று போனால் சீசனுக்கு வந்து போகும் ஒவ்வொருவருக்கும் தனியே நியமிக்க வேண்டும். மேலும், புதிதாக லாகின் போடுபவர் இதை மறந்தால் இயல்பாக மாஸ்டர் தரவுத்தளம்தான் நியமிக்கப்படும். எல்லோரும் நுழையக்கூடிய அந்தத் தரவுத்தளத்தில் மென்பொருள் அட்டவணை இல்லை என்று என்னென்னவோ பிழை காட்டும். அதைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பாதி நாள் போய்விடும். பயனர் எண்ணிக்கை குறைவாகவும் நிலையாகவும் உள்ள அலுவலகத்துக்கு இதையே முதலிடத்தில் வைக்கலாம்.

கடவுச்சொல் இருந்தால்

இதுவரை சொன்னது, பயனரின் விண்டோஸ் அடையாளத்தாலேயே தரவுத்தளத்துக்குள் நுழையும் முறைக்கு. தரவுத்தளத்துக்குத் தனிப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும் என்றால் நிலைமை மாறுகிறது. எஸ்க்யூஎல் சர்வரின் டிஎஸ்என்னில் கடவுச்சொல் சேமிக்கப்படுவதில்லை. மென்பொருள்தான் கேட்கும் அல்லது வைத்திருக்கும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் ஆகியவற்றின் டிரைவர்களில் டிஎஸ்என்னுக்குள்ளேயே கடவுச்சொல்லைச் சேமிக்க முடியும், அதுவும் படிக்கக்கூடிய எழுத்திலேயே. யூசர் டிஎஸ்என்னில் இருந்தால் அந்தப் பயனரும் நிர்வாகியும் மட்டுமே பார்க்க முடியும். சிஸ்டம் டிஎஸ்என்னில் இருந்தால், அந்தச் சர்வரில் நுழையும் அத்தனை பேரும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து படிக்கலாம். பொது சர்வரில் சிஸ்டம் டிஎஸ்என் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

குரூப் பாலிசியின் டேட்டா சோர்சஸ் பிரிவில் ஒருகாலத்தில் கடவுச்சொல்லையும் நிரப்ப முடிந்தது. அது மறைகுறியாக்கப்பட்டு பாலிசிகளைப் பகிரும் சிஸ்வால் கோப்புறையில் அமர்ந்தது. ஆனால் அதைத் திறக்கும் ஏஇஎஸ் சாவியை மைக்ரோசாப்ட்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருந்தது, சிஸ்வால் கோப்புறையையோ டொமைனில் (நிறுவனத்தின் பொதுப் பயனர்-கணினிக் கட்டமைப்பில்) உள்ள எவரும் படிக்கலாம். பூட்டைப் போட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். 2014 மே மாதம் வெளியான எம்எஸ்14-025 திருத்தம் அந்தக் கட்டத்தில் புதிதாக நிரப்புவதை அடைத்தது. அதற்குமுன் நிரப்பி வைத்தவை தாமாக அழியவில்லை. பழைய டொமைன் உங்களிடம் இருந்தால், பாலிசி கோப்புகளில் சிபாஸ்வேர்ட் என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி பிரிவின் வழியாகக் கடவுச்சொல்லை எழுதுவதும் இதைவிட மோசமே. அங்கே மறைகுறியாக்கம்கூட இல்லை.

முடிவாக எடுத்தது

ரெஜிஸ்ட்ரி ப்ரிஃபரன்சஸைத் தேர்ந்தோம். சிஸ்டம் டிஎஸ்என்னை இரண்டு சர்வர்களிலிருந்தும் நீக்கிவிட்டேன். இனி பாலிசி யாருக்கேனும் சேராவிட்டால் ஐஎம்002 என்ற பிழையோடு மென்பொருள் நிற்கும். முதல் வாரம் இரண்டு முறை நின்றது. மேலாளர் முகம் சுளித்தார்; போன சீசனின் 30 சீட்டுகளை நினைவூட்டியதும் பேசாமல் போய்விட்டார்.

ஆனால் நான் மிகுதியாக நம்பியிருப்பது டிஎஸ்என்னை அன்று. முன்பு நான்கு தரவுத்தளங்களுக்கும் எல்லோரும் ஒரே எஸ்க்யூஎல் லாகினால் நுழைந்தார்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் திறந்தது. இப்போது பாலிசியில் பர்கூர்த் தொகுப்பைக் கொண்டுசேர்க்கும் அதே விண்டோஸ் குழுவுக்குத்தான் பர்கூர் தரவுத்தளத்தில் அனுமதி இருக்கிறது, வேறெதிலும் இல்லை. இணைப்பு அமைப்பையும் அனுமதியையும் ஒரே குழு ஆள்கிறது. டிஎஸ்என் எப்படியோ பிசகி வேறு தரவுத்தளத்தைக் காட்டினாலும், 4060 என்ற பிழையோடு எஸ்க்யூஎல் சர்வரே மறுத்துவிடும். இதை முதலிலேயே செய்திருந்தால், என் சிஸ்டம் டிஎஸ்என் இருந்தும் அந்த முற்பகல் வீணாகியிருக்காது.

விதிவிலக்கு ஒன்று மிஞ்சியது. தலைமை அலுவலகக் கணக்கர்கள் மூவருக்கு நான்கு தரவுத்தளங்களும் வேண்டும், ஒரே நாளில் மாறி மாறி வேண்டும். அவர்கள் திரையில் நான்கு ஐகான்கள் வைத்தேன். ஒவ்வொன்றும் அவர்களது கரண்ட் யூசர் பகுதியில் டிஎஸ்என்னை உரிய தரவுத்தளத்துக்கு மாற்றி எழுதிவிட்டு மென்பொருளைத் திறக்கும். முதல் நாள் மதியம்வரை எல்லாம் சரியாக நடந்தது, அதற்குமேல் ஒருவருக்கு காரிமங்கலம் ஐகானைத் தட்டினால் கிருஷ்ணகிரி திறந்தது. குரூப் பாலிசி பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதன்மேல் 30 நிமிடம் வரை கூடுதலாக எடுத்துக்கொண்டு, தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஐகான் எழுதியதற்கும் மென்பொருள் படித்ததற்கும் இடையில் அந்தப் புதுப்பிப்பு வந்து தலைமை அலுவலக மதிப்பைத் திரும்ப எழுதிவிட்டது. ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு மறுபடி தொடாதே என்ற தெரிவு ப்ரிஃபரன்சஸில் இருக்கிறது. ஆனால் அதைத் தொகுப்பு முழுவதற்கும் போட்டால் மற்றவர்களுக்குத் திருத்தம் எதுவும் போய்ச்சேராது. ஆகவே அந்த மூவரையும் தனிக் குழுவாக்கி, நான்கு தொகுப்புகளின் நிபந்தனையிலும் அந்தக் குழுவில் இல்லாதவர் என்ற ஒரு வரியைச் சேர்த்தேன். தரவுத்தள அனுமதியை அவர்களுக்கு நான்கிலும் கொடுத்துவிட்டதால், தவறு நடந்தால் தடுக்க இரண்டாவது பூட்டு அவர்களுக்கு இல்லை. மென்பொருளின் தலைப்பில் கிளையின் பெயர் தெரிவதைப் பார்த்துவிட்டு எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.

டிரைவரை மாற்றும் வேலை அடுத்து இருக்கிறது. இப்போது பயன்படுவது விண்டோஸோடு வரும் பழைய எஸ்க்யூஎல் சர்வர் டிரைவர். நேரே மைக்ரோசாப்ட்டின் புதிய ஓடிபிசி டிரைவரின் 18-ஆம் பதிப்புக்குப் போனால், அது இணைப்பை மறைகுறியாக்குவதை இயல்பாகவே வலியுறுத்துவதால், முறையான சான்றிதழ் இல்லாத எங்கள் தரவுத்தள சர்வரோடு பேச மறுக்கும். அந்தப் பதிப்புக்குச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான். 17-க்குப் போவதென்றால், தொகுப்பு ஒன்றுக்கு இரண்டு வரிகள் மாற வேண்டும்: டிரைவரின் பெயர் ஒன்று, பாதை ஒன்று. லோடு வரத்து நின்றதும் ஆடிக்குப் பிறகு காரிமங்கலத் தொகுப்பில் முதலில் மாற்றிப் பார்க்கப் போகிறேன். அங்கே இருப்பது மூன்றே இருக்கைகள்.